சுழியம் புள்ளி இரண்டு ஒன்று

நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு.
வேலை நாட்களில் கம்பெனி பஸ் வந்து
என்னை அள்ளிக்கொண்டு போய்விடும்.
மைவி, ரெலாவ் பிளாட்டின் கீழ்த்தளத்தில்
நாற்பத்தெட்டாம் தூணருகே படுத்திருக்கும்.
ஐந்தாம் நாள் காலை சாவியைத் திருப்பினால்
டிக். டிக். டிக்.
பல்லி சொல்வது போல.
சகுனம் பார்க்கிறவளாக இருந்தால்
இந்த வண்டியில் நான் ஏறியே இருக்கமாட்டேன்.

அபாங் ரொஸ்லான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஜம்பர் கேபிளோடு இறங்கி வருவார்.
மூன்றாம் முறை கேட்டார்:
இது காடியா, கைக்குழந்தையா?
ஜெலுத்தோங்கில் ஆ ஹோக் புது பேட்டரி போட்டான்,
இருநூற்று நாற்பது ரிங்கிட்.
ஐந்தாம் நாள், டிக்.
எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு
"நல்லா இருக்கு லா" என்றான்.
ஓடும்போது நல்லாத்தான் இருக்கிறது.
நிற்கும்போதுதான் சாகிறது.

பாயான் லெப்பாசில் என் பிழைப்பே இதுதான்:
அணைத்து வைத்த சில்லிலிருந்து
எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்ப்பது.
இம்மி கூடினாலும் சிவப்புத் தட்டு.
பதினேழு வருஷம்.
சொந்த வண்டிக்கு மட்டும் ஊராரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஞாயிறு மதியம் மீட்டரோடு இறங்கினேன்.
நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்து
திறந்த கதவின் தாழை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி
மூடிவிட்டதாக வண்டியை நம்பவைத்து
சிமெண்ட் தரையில் உட்கார்ந்தேன்.
ஒரு வண்டி முழுதாய்த் தூங்க அரைமணி ஆகும்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்தால்
எனக்கு அதைவிடக் கூட ஆகும்.
எண் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது.
0.21
தூங்குகிற வண்டி இவ்வளவு குடிக்காது.
உள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஹார்ன், அசையவில்லை.
ரேடியோ, வைப்பர், அசையவில்லை.
உள்விளக்கு,
விழுந்தது 0.02க்கு.
அந்த ஒயரின் வாலைப் பிடித்துக்கொண்டு
டேஷ்போர்டுக்கு அடியில் கழுத்து சுளுக்கப் புகுந்தேன்.
கறுப்பு டேப் சுற்றிய, தீப்பெட்டி அளவுப் பெட்டி.
உள்ளே சிம் கார்டு.
இத்தனை மாடிகளுக்கு அடியில் கிடந்து
வானத்தைத் தேடித் தேடி
என் பேட்டரியைக் குடித்திருக்கிறது.

வண்டி என் பெயரில் இல்லை.
சம்போங் பாயார்.
கடன் தர்மசீலன் பெயரில், தவணை என் கையில்,
மாதம் ஐந்தாம் தேதி நானூற்றுப் பதினெட்டு.
ஒரு மாதமும் தவறியதில்லை.
கையெழுத்தில்லாமல் கொடுத்தானே என்று
ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.
நம்பிக்கைக்கும் ஒயர் இழுத்திருக்கிறான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
போன தீபாவளிக்கு முன்னால்
ஆஸ்பத்திரி கார் பார்க்கில் வண்டி ஆறு நாள் நின்றபோது
அவனிடமிருந்து ஒரு செய்தி:
"அக்கா, யாருக்கு உடம்பு சரியில்ல?"
உள்ளே படுத்திருந்தவள் நான்.
எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.
கேட்டானே என்பதே போதுமாக இருந்தது.
இரண்டு அண்ணன்கள்,
இருவருமே பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்,
கேட்காத கேள்வி.

வெட்டினேன்.
பெட்டியின் சொந்த உயிர் கொஞ்ச நேரம்
சிவப்பாய்ச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
மேலே வந்து கை கழுவும்போது போன் அதிர்ந்தது:
"அக்கா, வண்டி எங்க?"
ஒன்று எழுதி அழித்தேன்.
நீளமாய் இன்னொன்று எழுதி அதையும் அழித்தேன்.
"தூங்குது," என்று அனுப்பினேன்.

இப்போது ஆறாம் நாளும் முதல் திருப்பலிலேயே எழுகிறது.
பெட்டி பிரிட்ஜின் மேல், தண்ணீர் பில் பக்கத்தில்.
கம்பெனியாக இருந்தால் சிவப்புத் தட்டு.
வீட்டில் அதை
எந்தத் தட்டில் போடுவதென்று தெரியவில்லை.